மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள்: மலையகத்தில் புதிய உதைபந்தாட்டக் கழகத்துக்கு மைதானம் தேடும் முறை

கழகத்தைப் பதிந்து, ஜெர்சியும் அடித்து, மாவட்ட லீக்கில் பெயர் கொடுக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு இது. பதிவு வேலைகளை இங்கே தொடவில்லை. விண்ணப்பத்தில் "சொந்த மைதானம்" என்ற இடத்தில் எதை எழுதுவது என்பது மட்டும்தான் விடயம்.

பலர் முதலில் பார்ப்பது பார்வையாளர் அரங்கு, சுற்றுமதில், உடை மாற்றும் அறை. மலையகத்தில் இவை கடைசியில் பார்க்க வேண்டியவை. இங்கே ஒரு மைதானம் ஆகுமா ஆகாதா என்று தீர்மானிப்பது தண்ணீர். வெயில் நாளில் எந்த மைதானமும் அழகாகத்தான் இருக்கும். ஆகவே இரவு முழுக்கப் பெய்து விட்ட மறுநாள் காலையில் போங்கள்.

அளவு

ஆட்ட விதிகளின்படி நீளம் 90 முதல் 120 மீற்றர், அகலம் 45 முதல் 90 மீற்றர். சர்வதேசப் போட்டிக்கு 100–110, 64–75. உங்கள் லீக் இதற்குள் தனக்கென்று ஒரு குறைந்த அளவை வைத்திருக்கலாம். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பி அளக்கப் போகவேண்டாம்.

கோட்டுக்கு வெளியே நான்கு பக்கமும் குறைந்தது 3 மீற்றர் வெறும் நிலம் வேண்டும். அப்படிப் பார்த்தால் 90×45 ஆடுகளத்துக்கு 96×51 தேவை, சுமார் ஒரு ஏக்கர் 34 பேர்ச்சஸ் (160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர்). 100×64 என்றால் 106×70, சுமார் ஒரு ஏக்கர் 133 பேர்ச்சஸ். தோட்டத்து மைதானங்களில் நீளம் பெரும்பாலும் கிடைத்துவிடும். அகலத்தில்தான் இடிக்கும். ஒரு பக்கம் வெட்டிய மண்சுவர், மறுபக்கம் தேயிலை மலைக்கு இறங்கும் சரிவு. கோட்டிலிருந்து ஒரு மீற்றரில் மண்சுவர் நிற்கும் இடத்தில் விங்கர் ஓடி மோதினால் தோள் போய்விடும். அந்த 3 மீற்றரில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

50 மீற்றர் ஃபைபர் டேப் ஒன்று வாங்குங்கள். கயிறு நனைந்தால் அளவு மாறும், ஸ்டீல் டேப் துருப்பிடிக்கும். மூலை சரியா என்று பார்க்க மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தால் போதும். 100×64 என்றால் இரண்டும் 118.73 மீற்றர் வரவேண்டும். 90×45 என்றால் 100.62.

சரிவு: அதிகம் பிழை விடும் இடம்

மலையகத்தில் கண்ணை நம்பி மட்டம் பார்க்க முடியாது. சுற்றிலும் செங்குத்தான மலை நிற்கும்போது இரண்டு மீற்றர் சரிந்த நிலமும் தட்டையாகத் தெரியும். ஃபோனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலிகளும் இதற்கு உதவாது. 100 மீற்றருக்கு அரைப் பாகைப் பிழை என்றாலே 87 சென்ரிமீற்றர் தவறிவிடும். மேசன்மார் பாவிக்கும் தண்ணி லெவல்தான் எங்கள் தேர்வு. செலவு குறைவு, பிழையும் மிகக் குறைவு.

தேவையானவை: உள்விட்டம் 10 மில்லிமீற்றர் அளவுள்ள தெளிந்த டியூப் 24 மீற்றர், சென்ரிமீற்றர் குறித்த ஒன்றரை மீற்றர் குச்சிகள் இரண்டு, இரண்டு பேர். தண்ணீரில் துணிக்குப் போடும் நீலம் கொஞ்சம் கலந்தால் வாசிக்க லேசு.

டியூபின் ஒரு முனையை உயரத்தில் வைத்த வாளிக்குள் இறக்கி, மறுமுனையில் உறிஞ்சி, தண்ணீரை மெதுவாக ஓடவிட்டு நிரப்புங்கள். பைப்பிலிருந்து நேரே அடித்து நிரப்பினால் காற்றுக்குமிழி சிக்கும். பிறகு இரண்டு குச்சிகளையும் ஒரே இடத்தில் ஒட்டி வைத்துப் பாருங்கள். தண்ணீர் மட்டம் இரண்டிலும் ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே குமிழி இருக்கிறது. டியூபைத் தட்டித் தட்டி வெளியேற்றாமல் அடுத்த வேலைக்குப் போகக்கூடாது.

ஒருவர் கோல் கோட்டில் நிற்க, மற்றவர் 20 மீற்றர் தள்ளிப் போகவேண்டும். நடக்கும்போது தண்ணீர் சிந்தாமல் இரண்டு முனையையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது *இருவரும்* விரலை எடுத்திருக்க வேண்டும். ஒருவர் மறந்து அடைத்தபடி நின்றால் தண்ணீர் அசையாது, கிடைக்கும் எண் பொய். அளவு தப்பாகப் போவது பெரும்பாலும் இதனால்தான். நடுவில் கொஞ்சம் சிந்திவிட்டால் கவலையில்லை. நமக்கு வேண்டியது ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு வாசிப்புகளின் வித்தியாசம் மட்டும்.

இன்னொரு குழப்பம்: குச்சியில் எண் *கூடுதலாகக்* காட்டும் இடம்தான் பள்ளம், மேடு அல்ல. தண்ணீர் மட்டம் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கிறது. தாழ்ந்த நிலத்தில் நிற்கும் குச்சியில் அது மேலே ஏறித் தெரியும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டல், கழித்தல் குறியோடு எழுதி, ஐந்து தடவை நகர்ந்தால் 100 மீற்றர் முடிந்தது.

100 மீற்றருக்கு ஒரு மீற்றர் வரை சரிவு இருக்கலாம். ஒன்றரை மீற்றர் என்றால் பயிற்சிக்கு ஆகும். இரண்டைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். ஆனால் முற்றிலும் தட்டையான நிலமும் வேண்டாம், அதில் தண்ணீர் நின்றுவிடும். அகலவாட்டில் அரை வீதம் (100 மீற்றருக்கு அரை மீற்றர் கணக்கில்) சரிந்து, தண்ணீர் பக்கக் கோட்டைத் தாண்டி வெளியேறும் மைதானம் கிடைத்தால் அதைத்தான் எடுக்கவேண்டும்.

மண்ணும் கானும்

தோட்டத்து மைதானங்கள் பல, மலையின் ஒரு பக்கத்தை வெட்டி அந்த மண்ணை மறுபக்கத்தில் நிரப்பி உண்டாக்கியவை. வெட்டிய பக்கத்தில் இறுகிய களிமண், அதன் அடியில் ஊற்று. நிரப்பிய பக்கத்தில் இளகிய மண். இரண்டு பக்கமும் வேறு வேறு விதமாகக் கெடும்.

வெட்டிய பக்கத்து மண்சுவரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். மழை விட்டு ஒரு நாள் கழிந்தும் நசநசவென்று இருந்தால், பாசி பிடித்திருந்தால், ஊற்று இருக்கிறது. சுவரடி நெடுக 30 சென்ரிமீற்றர் அகலம், 45 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு கான் (வடிகால்) வெட்டினால் பெரும்பாலும் சரிவரும். அந்தக் கான் எங்கே போய் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். கீழே லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறத்தில் போய் விழுமானால் அந்த வேலையை ஆரம்பிக்கவே கூடாது.

நிரப்பிய பக்கத்தில் விளிம்பை ஒட்டி நடந்து போங்கள். விளிம்புக்குச் சமாந்தரமாகப் பிறை வடிவில் வெடிப்பு, சாய்ந்த வேலிக் கம்பங்கள், அடியில் வளைந்த மரங்கள், கீழ்ச் சரிவில் புதிதாகக் கசியும் கலங்கல் தண்ணீர், இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த மைதானம் வேண்டாம். இதில் பேரம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை. மண் வெட்டும் வேலை ஏதும் செய்வதாக இருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேளுங்கள்.

தண்ணீர் இறங்குமா என்று பார்க்க: இரண்டு கோல் வாய்கள், நடு, தாழ்ந்த பக்கத்து மூலைகள் இரண்டு, ஆக ஐந்து இடங்களில் 30 சென்ரிமீற்றர் ஆழக் குழி. தண்ணீர் நிரப்பி, அது வற்றியதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். இரண்டாம் தடவைதான் கணக்கு, முதல் தடவை காய்ந்த மண் குடித்துவிடும். 2.5 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கினால் நல்லது. ஒன்றுக்குக் குறைந்தால் மழைக்காலத்தில் குளம்தான். கோல் வாயில் மட்டும் குறைந்தால் பயப்படவேண்டாம், அங்கே மண் மிதிபட்டு இறுகியிருக்கும். முள்ளுக்குத்தியால் கிளறி மணல் போட்டால் திருந்தும்.

நடுவில் சிமெந்து பிட்ச் இருந்தால்

நிறைய பேர் கேட்பது இது. கிரிக்கெட்டும் ஆடும் மைதானங்களில் நடுவே 20 மீற்றர் நீளத்துக்குச் சிமெந்து பிட்ச் கிடக்கும். அதன்மேல் 5 சென்ரிமீற்றர் மண் பரப்புவது வேலைக்கு ஆகாது. ஒரே மழையில் சேறாகி வழுக்கும், காய்ந்தால் சிமெந்தின் விளிம்பு வெளியே வந்து கணுக்காலைப் பதம் பார்க்கும். ஆடுகளத்தை ஒரு பக்கமாக நகர்த்தி, பிட்ச் பக்கக் கோட்டுக்கு வெளியே 3 மீற்றரைத் தாண்டி விழுமா என்று டேப்பால் பாருங்கள். விழாவிட்டால் வேறு மைதானம் தேடுங்கள்.

எந்த மலைச்சாரல், எந்த மாதம்

ஹட்டன், நோர்வூட், வட்டவளைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறைப் பக்கம் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். அங்கே டிசம்பர், ஜனவரியில்தான் மழை. ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பின்னேரத்தில் இடிமழை.

ஆகவே ஒரு மைதானத்தோடு நிற்காமல் மாற்று மைதானம் ஒன்றும் பேசிவையுங்கள். முடிந்தால் மறுசாரலில். நுவரெலியாவை அண்டிய கழகத்துக்கு வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் எட்டும் தூரம்தான். ஹட்டன் டன்பார் மைதானம், நோர்வூட் சௌமியமூர்த்தி தொண்டமான் மைதானம், பதுளை வின்சன்ட் டயஸ் மைதானம் போன்றவற்றைப் பெரிய போட்டிகளுக்கு ஒரு நாளைக்கு எடுப்பது நல்லது. புதிய கழகம் வருடம் முழுக்க அப்படி ஒன்றைப் பிடித்துவைக்க நினைத்தால் காசும் போகும், நாளும் கிடைக்காது.

மூடுபனியையும் கணக்கில் எடுங்கள். நடு வட்டத்தில் நின்றால் இரண்டு கோல் கம்பங்களும் தெரியவேண்டும். பின்னேரம் மூன்று மணிக்கு எப்படி இருக்கிறது என்று வேறு வேறு நாட்களில் நான்கு தடவையாவது பாருங்கள். மூடுகிற இடமென்றால் ஆட்டத்தைக் காலை பத்துக்கு வையுங்கள். இடிக்கும் அதுவே பாதுகாப்பு. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 செக்கனுக்குக் குறைந்தால் எல்லோரும் உள்ளே போகவேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்ப வரலாம். "உள்ளே" என்பது தகரக் கொட்டகை அல்ல. பாடசாலை, கலாசார மண்டபம் மாதிரிச் சுவருள்ள கட்டிடம் பக்கத்தில் இருக்கவேண்டும்.

வழி

54 ஆசன பஸ் வந்து திரும்ப இடம் உண்டா? மைதானத்துக்குப் படிக்கட்டில் இறங்க வேண்டுமானால், ஒருவரைப் படுக்கவைத்துத் தூக்கி நடு வட்டத்திலிருந்து பாதைக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், எத்தனை நிமிடம் என்று. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் பாதை வரைதான் வரும், மிச்சத்தை நீங்கள்தான் தூக்கவேண்டும். ஃபோன் சிக்னலையும் அதே இடத்தில் பாருங்கள். குடிக்க, கழுவ ஒரு பீலி, பெண்களுக்குத் தனியாகப் பூட்டுள்ள மலசலகூடம், இரண்டும் கட்டாயம். கீழ்ச் சரிவுப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால் 6 மீற்றர் உயர வலை இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் பந்து தேயிலைக்குள் போகும்.

யாரிடம் கேட்பது

மைதானம் யாருடையது என்று கிராம உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். தோட்டத்துடையது என்றால் தோட்ட முகாமையாளருக்குக் கடிதம், பிரதி கம்பனித் தலைமை அலுவலகத்துக்கு. முகாமையாளர் மாறினால் வாய்மொழி அனுமதியும் அவரோடு போய்விடும். பாடசாலையுடையது என்றால் அதிபரோடு வலயக் கல்வி அலுவலகமும்.

பிரதேச சபை என்றால் எந்தச் சபை என்பதையும் உறுதிசெய்யுங்கள். 2018 தேர்தலோடு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை தனிச் சபைகளாகின. பழைய கோப்பு அம்பகமுவையிலோ நுவரெலியாவிலோ இருக்கலாம். தோட்டத்து மைதானத்துக்குச் சபை செலவழிக்க முடியாது என்று யாராவது சொன்னால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டதை எடுத்துச் சொல்லுங்கள். பழைய தடை இப்போது அப்படியே இல்லை.

எழுத்தில் வாங்க வேண்டியவை: நாட்கள், கட்டணம், வைப்புப்பணம், புல் வெட்டுவது யார், கான் துப்புரவு யார். இவற்றோடு மைதானம் மூடும் நாட்களின் பட்டியல். அம்மன் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, மே தினக் கூட்டம் எல்லாம் அதே மைதானத்தில்தான். கூட்டம் முடிந்த மறுநாள் ஆட்டம் வைக்காதீர்கள். கூடாரம் அடித்த முளைகளும் போத்தல் துண்டுகளும் புல்லுக்குள் கிடக்கும். பத்துப் பேர் வரிசையாக நின்று, கைநீட்டுத் தூரத்தில், கோல் கோட்டிலிருந்து மறு கோல் வரை நடந்து பொறுக்குங்கள். பிறகு குறுக்கே ஒரு தடவை.