ஆறு வயதுக் குழந்தைக்கு நாவல் வாசித்துக் காட்டலாமா? தாராளமாக. இப்படித் தொடங்குங்கள்

நாங்கள் இருப்பது சேலம் அம்மாபேட்டையில். பக்கத்து வீட்டு விசைத்தறி ராத்திரி எட்டு மணிக்கு நிற்கும். அது நின்றதும் தெருவே மூச்சு விட்ட மாதிரி ஓர் அமைதி வரும். எங்கள் வீட்டில் நாவல் வாசிக்கிற நேரம் அதுதான். மகளுக்கு இப்போது ஏழு வயது. ஒன்றரை வருடமாக வாசித்துக் காட்டுகிறேன். "இந்த வயசுல அந்தத் தமிழ் புரியுமா?" என்று கேட்கிற தோழிகள் நிறைய. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கதையைச் சுருக்கி உங்கள் வாயால் சொல்வது வேறு, நாவலை வாசித்துக் காட்டுவது வேறு. இரண்டும் நல்லதுதான். ஆனால் இரண்டாவதற்கு ஈடு கிடையாது. வீட்டில் நம் பிள்ளைகள் கேட்பது "வந்துட்டான்", "போயிட்டு வா கண்ணு". புத்தகத்தில் இருப்பது "வந்துவிட்டான்", "சென்றனர்", "கூறினாள்". இந்த இரண்டாவது தமிழைப் பெரும்பாலான பிள்ளைகள் முதன்முதலாகப் பாடப்புத்தகத்தில்தான் சந்திக்கிறார்கள், பரீட்சைப் பயத்தோடு. அதற்கு முன்னாலேயே, அம்மா தோளில் சாய்ந்துகொண்டு அதைக் கேட்டிருந்தால் அது அந்நியமாக இருக்காது. அதனால் எழுதியவரின் வாக்கியத்தை மாற்றாமல் அப்படியே காதில் போடுங்கள்.

முதல் படி: எந்த நாவல்?

நான் தப்பான இடத்தில் தொடங்கினேன். எல்லோரும் சொல்கிறார்களே என்று நேராகப் பொன்னியின் செல்வன். ஐந்து பாகம். மகளுக்கு அப்போது ஐந்தரை வயது. முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையோடு வருகிறான், ஏரிக்கு எழுபத்து நான்கு கணவாய்கள் என்று வரும். நான் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனேன். அவள் முகம் குழம்பியது. "அத்தனை மலையாம்மா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த கணவாய் தருமபுரி போகிற வழியில் இருக்கிற தொப்பூர் கணவாய். இருபக்கமும் மலை, நடுவில் லாரிகள். கல்கி சொன்னது ஏரியின் மதகை. நான் தயாராக இல்லாததால் சட்டென்று விளக்க முடியவில்லை. நான்கு நாளில் அந்த முயற்சி நின்றுபோனது.

பிறகு அதே கல்கியின் பார்த்திபன் கனவுக்கு மாறினேன். தொடங்குபவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்வது இதைத்தான். மூன்று பாகமும் ஒரே புத்தகமாகக் கைக்கு அடக்கமாகக் கிடைக்கிறது. கதை காவிரியில் ஒரு தோணித்துறையில் தொடங்குகிறது. படகோட்டி பொன்னன், அவன் மனைவி வள்ளி, கப்பம் கட்ட மறுக்கிற ஒரு ராஜா, அவருடைய சின்னப் பையன். குழந்தை பிடித்துக்கொள்ள ஆறு, படகு, அப்பா, பிள்ளை என்று தெரிந்த பிடிகள் எல்லாம் முதல் சில அத்தியாயங்களிலேயே வந்துவிடுகின்றன.

தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை (1879) முழுதாக வாசிக்க ஏழு வயது போதாது. அதன் தொடக்கப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பணக்கார வீட்டுப் பையன் பாடம் படிக்காவிட்டால் அவனுக்குப் பதிலாகக் கூடப் படிக்கிற கனகசபைக்கு அடி விழும். என் மகள் அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அது எப்படிம்மா நியாயம்?" என்று தூங்கும்வரை விடவில்லை.

புத்தகம் வாங்குவது கஷ்டமில்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. எழுத்து பெரிதாக, வரி நெருக்கமில்லாமல் இருக்கிற பதிப்பைப் பார்த்து எடுங்கள். ராத்திரி வெளிச்சத்தில் வாசிக்கப்போவது நீங்கள்தானே. மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவைக்கிற மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் கைபேசியில் வாசித்தால் குழந்தையின் கண் திரைக்குத்தான் போகும். அச்சுப் புத்தகமே மேல்.

இரண்டாம் படி: மதியமே ஒருமுறை வாசித்துவிடுங்கள்

இதைத் தவிர்க்கவே கூடாது. கையில் பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை தடுக்கி விழக்கூடிய சொற்கள் ஓர் அத்தியாயத்தில் நாலைந்து இருக்கும்: காதம், கப்பம், சாளரம், மதகு என்ற பொருளில் வரும் கணவாய். அடிக்கோடிடுங்கள். எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தெரியாவிட்டால் கதையே நின்றுவிடும் என்கிற இரண்டு சொல்லை மட்டும் வாசிப்பதற்கு முன்னால் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். மற்றவை கேட்டுக் கேட்டுத் தானே விளங்கும்.

எந்தப் பக்கத்தைத் தாண்டலாம் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். கல்கி நடுவில் நிறுத்தி வரலாறு சொல்லுவார். யார் மகன் யார், எந்தப் போர் எப்போது என்று. ஏழு வயதுக்கு அதைத் தாண்டலாம். ஆற்றையும் மரத்தையும் விவரிக்கும் பத்திகளைத் தாண்டாதீர்கள். அவசரத்தில் நான் அவற்றைத்தான் முதலில் விட்டேன், பிறகு வருந்தினேன். காட்சி மனசுக்குள் வந்தால்தான் ஆள் அதற்குள் நடமாட முடியும்.

மூன்றாம் படி: வாசிக்கும் முன் ஒரே ஒரு வரி

"நேத்து பொன்னன் எங்க நின்னான், ஞாபகம் இருக்கா? இன்னிக்கு ராஜா வர்றாரு." இவ்வளவு போதும். பேச்சுத் தமிழில் சொல்லுங்கள். புத்தகத்தைத் திறந்ததும் குரல் மாறட்டும். இரண்டு தமிழுக்கும் நடுவில் ஒரு வாசற்படி இருப்பது குழந்தைக்குத் தானே பிடிபடும்.

நான்காம் படி: வாசிப்பு

நம் மொழியில் வினைமுற்று கடைசியில் வரும். அதுவரை குழந்தை எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். நானே எழுதிய ஒரு வாக்கியத்தை வைத்துக் காட்டுகிறேன்:

"மலையிலிருந்து இறங்கி வந்த களைப்பில், மரத்தடியில் குதிரையைக் கட்டிவிட்டு, கரையோரம் உட்கார்ந்திருந்த கிழவரிடம், அந்த இளைஞன் வழி கேட்டான்."

ஒரே மூச்சில் வாசித்தால் கிழவர் வரும்போது குதிரை காணாமல் போய்விடும். "களைப்பில்" என்ற இடத்தில் நிறுத்துங்கள். "கட்டிவிட்டு" என்ற இடத்தில் இன்னொரு நிறுத்தம், குரல் கீழே இறங்காமல். "கிழவரிடம்" சொல்லிவிட்டுக் குழந்தையைப் பாருங்கள். "அந்த இளைஞன்" என்பதைக் கொஞ்சம் தூக்கிச் சொல்லி, "வழி கேட்டான்" என்று இறக்கி வையுங்கள். மதியம் வாசிக்கும்போதே நிறுத்தும் இடங்களில் சின்னக் கோடு போட்டுக்கொண்டால் ராத்திரி திணறாது.

ழ, ள, ல மூன்றையும் நிதானமாக உச்சரியுங்கள். நாடகம் போடத் தேவையில்லை. ஆளுக்கு ஒரு குரல் மாற்றிப் பேச முயன்று நான் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். வேகத்தை மாற்றினாலே ஆள் மாறிவிடுவான்: ராஜா நிதானம், பொன்னன் படபடப்பு.

நடுவில் கேள்வி வந்தால் நிறுத்திப் பதில் சொல்லுங்கள். "அப்புறம் சொல்றேன்" வேண்டாம். ஆனால் நீங்களாக "இதுக்கு என்ன அர்த்தம் சொல்லு பாப்போம்" என்று கேட்காதீர்கள். அந்த நொடியே அது வகுப்பாகிவிடும்.

சில வாரம் போனதும் ஒரு பாத்திரத்தின் பேச்சை மட்டும் குழந்தையிடம் கொடுங்கள். என் மகள் வள்ளி. வரியை விரலால் காட்டுவேன், அவள் எழுத்துக்கூட்டிச் சொல்லுவாள். மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

ஐந்தாம் படி: எங்கே நிறுத்துவது?

எனக்கு ஓர் அத்தியாயம் சத்தமாக வாசிக்க இருபது நிமிடம் போல ஆகிறது. குழந்தைக்குப் பத்து நிமிடமே போதும். ஆகவே பாதியில் நிறுத்துங்கள், அதுவும் யாரோ கதவைத் தட்டுகிற இடத்தில். இந்தக் கதைகள் வாரப் பத்திரிகையில் தொடராக வந்தவை. பொன்னியின் செல்வனுக்காக வாசகர்கள் 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் காத்திருந்தார்கள். காத்திருக்க வைப்பது அந்த எழுத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

கல்கி நமக்கு அந்நியரும் இல்லை. 'விமோசனம்' பத்திரிகைக்காக ராஜாஜியோடு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் வேலை பார்த்தவர். அப்போது திருச்செங்கோடு சேலம் மாவட்டம்தான்.

பயமுறுத்தும் இடங்கள்

பார்த்திபன் கனவில் கபாலிகர்கள் வருவார்கள், நரபலிப் பேச்சு வரும். அந்த அத்தியாயங்களை நான் ஞாயிற்றுக்கிழமை பகலில், திண்ணையில் வைத்து வாசித்தேன். பின்னால் திரும்ப எடுத்து வாசித்த பொன்னியின் செல்வனில் கடம்பூர் மாளிகையில் தேவராளன் ஆவேசம் வந்து ஆடுவதற்கு அவள் பயப்படுவாள் என்று நினைத்தேன். பயப்படவில்லை. ஆடி மாசம் மாரியம்மன் பண்டிகையில் சாமியாடிப் பார்த்தவள். "நம்ம கோயில்ல மாதிரியே" என்றாள். உங்கள் பிள்ளை எதைப் பார்த்து வளர்ந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

புத்தகத்தை மூடிய பிறகு

மறுநாள் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) ஃபோன் போட்டுக் கொடுங்கள். கதையைப் பிள்ளையே சொல்லட்டும். பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள், திடீரென்று ஓரிடத்தில் "புறப்பட்டுச் சென்றான் அம்மாயி" என்று புத்தகச் சொல் ஒன்று விழும். திருத்தவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம்.

ஏற்காடு போகும்போது பேருந்தில் புத்தகம் எடுக்காதீர்கள், வளைவில் தலை சுற்றும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பலகையில் எண் போட்டிருக்கும். வளைவுக்கு ஒரு பெயர் என்று கதையில் வருகிறவர்களை மாறி மாறிச் சொல்லிக்கொண்டே ஏறுவோம். பன்னிரண்டாவது வளைவுக்கு மேல் எனக்குத்தான் பெயர் தீர்ந்துபோகும்.

பார்த்திபன் கனவு முடிந்து, இந்த வருடம் பொன்னியின் செல்வனுக்குத் திரும்பினோம். காலவெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறும்படி நேயர்களை ஆசிரியர் அழைப்பதோடுதான் அது தொடங்கும். "நேயர்னா யாரும்மா?" என்றாள். "கேக்குறவங்க. நீதான்." உடனே பாயில் நகர்ந்து உட்கார்ந்து, ஓடத்தில் எனக்கும் இடம் விட்டாள்.

கதை தொடங்குவது பதினெட்டாம் பெருக்கு அன்று. ஆகவே ஆடி 18-க்கு அவளை மேட்டூர் கூட்டிப்போனோம். கூட்டம் அதிகம். பிள்ளையின் கையை விடாதீர்கள், படித்துறையில் இறக்காதீர்கள். மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக அதே வீரநாராயண ஏரிக்கு, இன்றைய வீராணம் ஏரிக்கு, போகிறது என்று அவளிடம் சொன்னேன். மேட்டூரில் இருக்கிற பதினாறு கண் மதகைக் காட்டி, "இதுதான் கண்ணு அந்தக் கணவாய்" என்றேன். விரல் விட்டு எண்ணினாள். திரும்பி வரும்போது பேருந்தில் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. ஓமலூர் தாண்டியதும் என் கையை இழுத்து, "இன்னும் அம்பத்தெட்டு இருக்கும்மா" என்றாள்.