'போ' என்று விரட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

'ஊருக்குள் புகுந்த காட்டு யானை' என்று செய்தி வரும். முதல் தவறு அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தீனியும் 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்று தின்றால் எந்தக் காடும் தாங்காது. அதனால்தான் மழையையும் புல்லையும் பார்த்து வலசை போகிறது. முதுமலை, பந்திப்பூர், வயநாடு, சத்தியமங்கலம் என்று நமக்குத்தான் நாலு பெயர், மூன்று மாநிலம். அதற்கு எல்லாம் ஒரே காடு. நடுவில் எங்கே மனை போட்டாலும் அது வந்து நிற்கத்தான் செய்யும்.

சரி, வந்துவிட்டது. வாழைத் தோட்டத்தில் நிற்கிறது. ஊரே திரண்டு பின்னால் பட்டாசு வெடிக்கிறது. முன்னால் நாலு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். பக்கவாட்டில் டிராக்டர் விளக்கு. 'போ, போ' என்று கத்துகிறோம். போக வேண்டிய பக்கத்தை நாமே அடைத்து நிற்கிறோம். குட்டியோடு இருக்கும் கூட்டமாக இருந்தால் இதைவிட ஆபத்து வேறில்லை. காட்டுப் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஆள் ஒதுங்கி, வனத்துறைக்குச் சொல்வதுதான் செய்ய வேண்டியது. கோபத்தில் செய்வது எங்கே போய் முடியும் என்பதை 2021 ஜனவரியில் மசினகுடியில் பார்த்தோம். எரியும் டயரை மேலே வீசியதில் காயம்பட்ட யானை செத்தே போனது.

சாலையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஒரு யானை கடந்ததும் 'போயிடுச்சு' என்று வண்டியை எடுப்பது. பெரும்பாலும் மற்றவை புதருக்குள் நின்றுகொண்டிருக்கும், குட்டி உட்பட. நடுவில் நம் வண்டி புகுந்தால் கூட்டம் இரண்டாகிவிடும். தள்ளியே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், காத்திருங்கள். ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் ஈரக்கோடு வழிந்தால் மதநீர். இன்னும் தள்ளிப் போங்கள். அப்புறம், ஆசனூர் பக்கம் கரும்பு லாரிகளுக்காக யானைகள் காத்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இரக்கப்பட்டு எறிந்த கரும்புதான் அவற்றை அந்த நெடுஞ்சாலையில் கொண்டுவந்து நிறுத்தியது.

'பிடித்து வேறு காட்டில் விட்டால் தீர்ந்தது' என்பது எல்லோருக்கும் பிடித்த தீர்வு. எனக்கு இதில் நம்பிக்கை போய் ரொம்ப நாளாகிறது. 2019 ஜனவரியில் கோவை தடாகம் பக்கம் பிடித்த சின்னத்தம்பி என்ற யானையை டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். அது காட்டில் தங்காமல் உடுமலை வயல்களுக்கு இறங்கி வந்தது. மறுபடி பிடித்து வனத்துறையின் யானை முகாமுக்கே கொண்டுபோனார்கள். 2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடித்த அரிக்கொம்பன் யானையைப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அடுத்த மாதமே கம்பம் தெருவில் ஓடியது. கடைசியில் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பழக்கம், பசி, மனப்பாடமான பாதை எல்லாமே யானையோடு லாரியில் ஏறி வந்துவிடுகின்றன.

வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதைத் தவறு என்று சொல்வதே குறைச்சல், அது குற்றம். சோலார் வேலி விட்டுவிட்டு அடிக்கும், விலக வைக்கும். வீட்டு லைன் கொன்றுவிடும். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. முறையான சோலார் வேலியைக்கூட ஆளாளுக்குத் தன் எல்லையில் போட்டுக்கொண்டே போனால், யானை நடக்க நடுவில் சந்துகூட மிஞ்சாது.

அப்படி மிஞ்சிய சந்தைத்தான் வழித்தடம் என்கிறோம். பெரிய காட்டை விட்டுவிட்டு இந்தக் குறுகலுக்கு ஏன் இத்தனை சண்டை என்று கேட்பவர்கள் உண்டு. குறுகலாக இருப்பதால்தான் சண்டை. அங்கே நாலு விடுதி வந்தால் இரண்டு பக்கத்துக் காடும் தனித்தனியாகிவிடும். நீலகிரியில் மசினகுடி பக்கம் இருக்கும் சீகூர் வழித்தடத்தைத் தமிழக அரசு 2010இல் அறிவித்தது. அதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது 2020 அக்டோபரில்.

வால்பாறையில் 'போ' என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார்கள். யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது. யானை பக்கத்தில் இருந்தால் சாலையோரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. அதைப் பார்த்த பிறகும் 'ரெண்டு நிமிஷம்தானே' என்று பைக்கை முறுக்கினால், விளக்கு என்ன செய்யும்?