மாறுகண் அறுவையில் நாடி சட்டென்று இறங்கினால்

முகத்தின் உணர்ச்சியை மூளைக்கு எடுத்துச் செல்வது டிரைஜெமினல் எனப்படும் ஐந்தாம் கபால நரம்பு. முகத்தசைகளை அசைக்கும் ஏழாம் நரம்போடு இதைக் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் இன்றும் உண்டு. அறுவை அரங்கில் இதயத்தைத் தடுமாற வைப்பது ஐந்தாம் நரம்புதான். கண்ணை அழுத்தினாலோ விழியை அசைக்கும் தசையை இழுத்தாலோ செய்தி அந்த நரம்பின் வழியாக மூளைத்தண்டை அடைந்து, அங்கிருந்து வேகஸ் நரம்பில் இறங்கி, இதயத்துடிப்பைத் தொடங்கிவைக்கும் கணுவை அடக்கிவிடுகிறது. 1908இல் அஷ்னரும் டாக்னினியும் தனித்தனியே விவரித்த இந்த அனிச்சைச் செயல் குழந்தைகளின் மாறுகண் அறுவையில் மிகுதியாகக் காணப்படுவதால், அதையே எடுத்துக்கொண்டு மயக்கவியல் பயிற்சியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வேலை மயக்கம் கொடுப்பதற்கு முன்பே தொடங்குகிறது. நான்கு வயது, 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை மேசையில் இருப்பதாகக் கொள்வோம். இறங்கிய நாடியை ஏற்றும் மருந்து அட்ரோபின். நம் ஊரில் கிடைக்கும் அதன் ஆம்பூல் பெரும்பாலும் 1 மில்லியில் 0.6 மில்லிகிராம் கொண்டது. அதோடு 5 மில்லி சலைன் சேர்த்தால் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஆகிவிடும். கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் என்றால் இந்தக் குழந்தைக்கு 300 மைக்ரோகிராம், அதாவது சிரிஞ்சில் 3 மில்லி. கணக்கை முன்கூட்டியே போட்டு, சிரிஞ்சின் மேல் மருந்தின் பெயரையும் செறிவையும் எழுதி ஒட்டி, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட வேண்டும். நாடி இறங்கும் வேளையில் வகுத்தல் கணக்கு யாருக்கும் சரியாக வராது.

அடுத்து, மானிட்டரின் நாடி ஒலியை அனைவருக்கும் கேட்கும்படி வையுங்கள். முகம் முழுதும் துணியால் மூடப்பட்டிருக்கும்போது திரையைவிடக் காதே முதலில் எச்சரிக்கும். தசையைத் தொடுவதற்கு முன் இருந்த நாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே அதைப் பொருட்படுத்த வேண்டும். 110 இருந்த குழந்தைக்கு 88 என்பது அந்த எல்லை. ஆழமற்ற மயக்கம், உடலில் தேங்கும் கார்பன் டைஆக்சைடு, ஆக்சிஜன் குறைவு ஆகிய மூன்றும் இந்த அனிச்சையைத் தூண்டிவிடுபவை. முதல் தசையில் கொக்கி மாட்டப்படும் முன்னரே இவற்றைச் சரிபார்த்துவிட வேண்டும். ரெமிஃபென்டானில் போன்ற வலிநீக்கி மருந்துகள் ஓடிக்கொண்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை.

பெரும்பாலும் மீடியல் ரெக்டஸ் எனும் உள்பக்கத் தசையை இழுக்கும்போதுதான் ஒலியின் இடைவெளி நீள்கிறது. அப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் ஊசி போடுவதல்ல, வாயைத் திறந்து பேசுவது: “சார், மஸிலை விடுங்க, பல்ஸ் இறங்குது.” மூத்த அறுவை நிபுணரிடம் இப்படிச் சொல்ல இளையவர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தயக்கத்தில் கரையும் நொடிகள்தான் ஆபத்தானவை. பிடி தளர்ந்ததும் பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில நொடிகளிலேயே நாடி தானாகத் திரும்பிவிடும். அந்த இடைவெளியில் மூச்சோட்டம், ஆக்சிஜன், மயக்கத்தின் ஆழம் ஆகியவற்றை மறுபடி பாருங்கள்.

தளர்த்திய பிறகும் நாடி ஏறவில்லை என்றாலோ, ஒவ்வொரு இழுப்பிலும் மீண்டும் மீண்டும் இறங்கினாலோ அட்ரோபின் கொடுக்கலாம். தசை இழுபட்டுக்கொண்டே இருக்கையில் மருந்தை மட்டும் செலுத்துவது, காரணத்தை விட்டுவிட்டு விளைவோடு மல்லுக்கட்டுவதாகும். போதாததற்கு, அட்ரோபினே சில வேளைகளில் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும். துடிப்பு முற்றிலும் நின்று, தசையை விட்ட பின்னும் திரும்பாவிட்டால் தாமதமின்றி மார்பை அழுத்தத் தொடங்கி, அட்ரினலினுக்குச் செல்ல வேண்டும். சின்னக் குழந்தைக்கு நாடி 60க்குக் கீழ் போய் இரத்த ஓட்டமும் தளர்ந்திருந்தால், அது முழுமையாக நிற்கும்வரை காத்திருக்கக் கூடாது.

நாடி சீரானதும் அறுவையைத் தொடரலாம். மென்மையாக, மெதுவாக இழுத்தால் தூண்டல் குறையும், திரும்பத் திரும்ப இழுக்கையில் அனிச்சையே களைத்துப்போவதும் உண்டு. தொல்லை நீடித்தால் அந்தத் தசையின் அருகே மரப்பு மருந்து செலுத்தும்படி கேட்கலாம். நடந்தது எதுவாயினும் எந்தத் தசை, எவ்வளவு இறக்கம், என்ன கொடுத்தோம் என்பதை மயக்கப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும், ஏனெனில் இதே குழந்தை இன்னொரு கண்ணுக்காக மறுபடி வரக்கூடும்.

கன்ன எலும்பை நிமிர்த்தும்போதும், மேல்தாடையை அறுத்துக் கீழிறக்கும்போதும், டிரைஜெமினல் நரம்பின் வேர் அருகே மூளை அறுவை நடக்கும்போதும் இதே இறக்கம் நேரலாம், அங்கும் முதலில் நிற்க வேண்டியது கைதான். அறுவை அரங்குக்கு வெளியிலும் இதைக் காணலாம். கண்குழியின் அடித்தளம் பிளந்து, தசை அதில் சிக்கிக்கொண்ட குழந்தைக்கு வெளியே வீக்கமோ இரத்தக் கட்டோ பெரிதாகத் தெரியாமல், வாந்தியும் நாடிக் குறைவும் மட்டும் இருக்கலாம். அதைத் தலைக்காயம் என்று எண்ணி வார்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதில் நேரும் பிழை. அந்தக் குழந்தையை மேலே பார்க்கச் சொல்லிக் கண் நகர்கிறதா என்று சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.