கல்சியம் அயன் எங்கிருந்து வந்தது? நரம்பு, தசை விடைகளில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

கல்சியம் எலும்புக்கும் பல்லுக்கும் என்று சின்ன வகுப்பில் பாடமாக்கியது உயர்தர விடைத்தாள் வரைக்கும் கூடவே வருகிறது. உடம்பிலுள்ள கல்சியத்தில் ஏறத்தாழ 99 வீதம் அங்கேதான் இருக்கிறது, அது சரி. நரம்பையும் தசையையும் இயக்குவது மிச்சத்தில் ஒரு சிறு பங்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகளின் விடைகளில் நான் காணும் பிழைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. கல்சியம் அயன் எங்கே இருந்தது, எங்கே போனது என்று அவர்கள் எழுதுவதில்லை. கலத்துக்கு வெளியே அதன் செறிவு உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு அதிகம். இரணைமடுக் குளத்தில் துருசைத் திறந்தால் தண்ணீர் தானாக வயலுக்குப் பாய்வதுபோல, கலத்தின் மென்சவ்விலுள்ள கால்வாய்ப் புரதம் திறந்தால் கல்சியமும் தானாக உள்ளே பாயும்.

நரம்பு வழியே ஓடும் மின்சைகையான கணத்தாக்கத்தைக் கல்சியம் கடத்துகிறது என்று எழுதாதீர்கள். நரம்புக் கலத்தின் நீண்ட இழையான நரம்புமுளை நெடுக அதைக் கடத்துவது சோடியமும் பொற்றாசியமும். கணத்தாக்கம் முளையின் அந்தத்துக்கு வந்த பிறகே கல்சியத்தின் வேலை தொடங்குகிறது. அது உள்ளே பாய, அங்குள்ள புடகங்கள் என்ற சிறு பைகள் மென்சவ்வோடு இணைந்து, தசையைத் தூண்டும் அசற்றைல்கோலினை வெளியே விடுகின்றன.

அதிகமாகப் புள்ளி போகும் இடம் தசை. எலும்போடு இணைந்த வன்கூட்டுத் தசை சுருங்கத் தேவையான கல்சியம், தசைக் கலத்துக்குள்ளேயே அதைச் சேர்த்துவைக்கும் தசைமுதலுருச் சிறுவலையிலிருந்து வருகிறது, வெளியிலிருந்து அல்ல. அது பிணைவது மெல்லிய தசை இழையிலுள்ள துரோப்பொனின் என்ற புரதத்தோடு; தடித்த இழையின் மயோசினோடு அல்ல. இதயத் தசை வேறு மாதிரி. வெளியிலிருந்து கொஞ்சம் கல்சியம் உள்ளே வந்தால்தான் சிறுவலை தன்னிடமுள்ளதை விடும். இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற வைத்தியர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்துப் பார்த்தார். குழாய் நீரில் செய்த கரைசலில் அது துடித்தது, காய்ச்சி வடித்த நீரில் செய்ததில் நின்றுபோனது. குழாய் நீரிலிருந்த கல்சியமே காரணம் என்று 1883இல் எழுதினார். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலின் அடியில் படியும் வெள்ளையில் பெரும்பங்கும் கல்சியத்தின் உப்புத்தான். ரிங்கரின் பரிசோதனையை விளங்கிக்கொண்ட பிள்ளை இரண்டு தசைகளையும் மாற்றி எழுதாது.

தசை தளர்வதற்குச் சக்தி வேண்டாம் என்பது இன்னொரு பிழை. சிறுவலை விட்ட கல்சியத்தைத் திரும்ப அதற்குள் ஏற்றும் பம்பிக்கு, கலத்துக்குச் சக்தி தரும் ஏ.ரி.பி. வேண்டும். மெல்லிய இழையின் அக்ரினிலிருந்து மயோசின் கழரவும் அதுவே வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் இறக்கிய மீன் கொஞ்ச நேரத்தில் கட்டைபோல விறைப்பது ஏ.ரி.பி. தீர்ந்துபோவதால்தான்.

கல்சியம் குறைந்தால் தசை சோர்ந்துவிடும் என்று மனிதனைப் பற்றி எழுதுவதும் தவறு. வெளியே கல்சியம் குறையும்போது சோடியக் கால்வாய்கள் இலகுவாகத் திறந்துகொள்கின்றன. நரம்பு தேவையில்லாமல் தூண்டப்படுகிறது. உதடு விறுவிறுக்கும், விரல்கள் மடங்கி இழுக்கும். அதற்காக, வயலில் நின்றுவிட்டு வந்த இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுத்தால் உடனே கல்சியம் குளிசையைத் தேடவும் வேண்டாம். இரத்தத்தில் கல்சியம் இறங்கினால் பராதைரொயிட் சுரப்பி எலும்பிலிருந்து எடுத்து ஈடுசெய்கிறது. ஆகவே பெரும்பாலான கால் பிடிப்புக்குக் காரணம் வேறு.

மாட்டில் கதை மாறுகிறது. நிறையப் பால் கறக்கும் கலப்பினப் பசு கன்று ஈன்ற இரண்டு மூன்று நாளுக்குள் தள்ளாடி விழுந்தால், பாலுக்குப் போன கல்சியத்தை எலும்பால் ஈடுசெய்ய முடியவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். முதலில் அங்கேயும் தசை நடுங்கும். கல்சியம் இன்னும் இறங்கும்போது நரம்பு முடிவில் அசற்றைல்கோலின் வெளிவருவதே குறைந்து, தசை துவண்டுவிடும். பசு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருக்கும், காது குளிர்ந்திருக்கும், வயிறு ஊதும். அந்த நிலையில் போத்தலால் கஞ்சியோ மருந்தோ வாயில் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் சோர்ந்திருப்பதால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நெஞ்சு நிலத்தில் படும்படி நிமிர்த்தி, சரியாமல் இருபக்கமும் வைக்கோல் மூட்டை அணைத்து, தாமதிக்காமல் மிருக வைத்தியரை அழையுங்கள். அவர் நாளத்தில் கல்சியத்தை மெதுவாக, இதயத் துடிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏற்றுவார். கெதியாக ஏற்றச் சொல்லி அவரை அவசரப்படுத்தாதீர்கள். வேகமாகப் போனால் அதே கல்சியம் இதயத்தை நிறுத்திவிடும்.