அக்டோபர்ல அப்பலாச்சியன் மலையில ஒரு ராத்திரி: தேதிய விடுங்க, முதல்ல உயரத்த முடிவு பண்ணுங்க

வருஷா வருஷம் செப்டம்பர் ஆனா போதும், தெரிஞ்சவங்க யாராவது ஃபோன் போட்டு கேப்பாங்க, "இலையெல்லாம் நெறம் மாறுறப்ப டென்ட் எடுத்துட்டு ரெண்டு நாள் மலையில நடக்கணும், எந்த வீக்கெண்ட் போனா சரியா இருக்கும்?"னு. நான் திருப்பி கேக்குற ஒரே கேள்வி, எவ்வளவு உயரத்துல நடக்கப் போறீங்க? ஏன்னா நார்த் கரோலைனா, டென்னசி எல்லையில இருக்குற இந்த மலைகள்ல அது ஒண்ணு தெரிஞ்சிட்டா தேதி, குளிர், தண்ணி, எங்க படுக்குறது, பையில என்ன வைக்கிறது எல்லாம் அதுக்குப் பின்னாடியே வந்துடும்.

நெறம் மேல இருந்துதான் கீழ எறங்கும். 5,000 அடிக்கு மேல இருக்குற யெல்லோ பர்ச், பீச் மரமெல்லாம் செப்டம்பர் கடைசியில ஆரம்பிச்சு அக்டோபர் பாதிக்குள்ள முடிச்சிடும், கீழ பள்ளத்தாக்குல இருக்குற மேப்பிள், ஓக், ஹிக்கரி எல்லாம் அக்டோபர் பாதியில இருந்து நவம்பர் முதல் வாரம் வரைக்கும் ஓடும். அதனால அக்டோபர் கடைசி வாரம்தான் லீவு கெடைச்சிதுன்னா உச்சிக்குப் போய் மொட்டை மரத்த பாத்துட்டு வராதீங்க, 3,000 அடிக்கு கீழ ஆத்தோரமா போற ட்ரெய்ல் எடுங்க. முதல் ரெண்டு வாரத்துல கெடைச்சா மேல போங்க, மேல நின்னு கீழ பாத்தா உச்சியில மஞ்சள், நடுவுல ஆரஞ்சு, அடியில இன்னும் பச்சைன்னு மலை பட்டை பட்டையா தெரியும், அத நேர்ல பாத்தாத்தான் புரியும்.

இடம்னு பாத்தா நெறைய இருக்கு. ஸ்மோக்கீஸ் நேஷனல் பார்க்ல காட்டுக்குள்ள ராத்திரி தங்கணும்னா பேக்கன்ட்ரி பெர்மிட் கண்டிப்பா வேணும், ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 8 டாலர், 30 நாள் முன்னாடிதான் புக்கிங் தெறக்கும், அக்டோபர் வீக்கெண்டுக்கு அன்னிக்கே உக்காந்து போட்டுடுங்க. 2023ல இருந்து பார்க்கிங் டேக்கும் வேணும். ஷைனிங் ராக் பக்கம் போனா சாப்பாட்ட கரடி தெறக்க முடியாத கட்டி டப்பாவுல, அதான் கேனிஸ்டர்ல, வைக்கணும்னு ரூலே இருக்கு. வர்ஜீனியாவுல கிரேசன் ஹைலேண்ட்ஸ் போனா குட்டை குட்டையா காட்டுக் குதிரைங்க மேயும், குழந்தைங்களோட போறவங்களுக்கு அதுதான் நல்லது. ஆனா முதல் தடவ ஒரே ஒரு ராத்திரி தங்கிப் பாக்கணும்னு கேக்குறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ரோன் ஹைலேண்ட்ஸ், கார்வர்ஸ் கேப்ங்கிற மலைக் கணவாய்ல ஆரம்பிச்சு யுஎஸ் 19ஈ ரோடு வரைக்கும் அப்பலாச்சியன் ட்ரெய்ல்ல சுமார் 14 மைல். பெர்மிட் வேண்டாம். மரத்துல வெள்ளைப் பட்டை அடிச்சிருப்பாங்க, அதப் பாத்துட்டே போனா வழி தவறாது, நீலப் பட்டை பாத்தா அது பக்கத்துல பிரியுற கிளை வழி.

கார்வர்ஸ் கேப்பே 5,512 அடி. கார்லயே அவ்வளவு உயரம் ஏத்தி விட்டுடும், அதனால முதுகுல 30 பவுண்டோட மூச்சு வாங்குறது கொறைவு. ஆரம்பத்துலயே பால்டுன்னு சொல்ற மொட்டைப் புல்வெளி மலைங்க, ரவுண்ட் பால்டு, ஜேன் பால்டு, மரமே இல்லாம சுத்தி நாலு பக்கமும் மலையா தெரியும். கிராஸி ரிட்ஜுக்கு ஒரு கிளை வழி பிரியும், 6,189 அடி, நேரம் இருந்தா பையோட போய்ட்டு வாங்க. அஞ்சு மைல் சொச்சத்துல யெல்லோ மவுண்டன் கேப் வரும், முதல் நாள் அங்க நிறுத்திக்கோங்க. அங்க பெரிய சிவப்பு பார்ன், அதான் பண்ணைக் கொட்டகை, ஒண்ணுல முன்னாடி ஹைக்கர்ஸ் தூங்குவாங்க, கட்டிடம் பாதுகாப்பா இல்லன்னு 2019ல மூடிட்டாங்க, பழைய ப்ளாக் படிச்சிட்டு டென்ட் இல்லாம போய் நின்னுடாதீங்க. ரெண்டாவது நாள் எட்டு மைல் சொச்சம், லிட்டில் ஹம்ப், அப்புறம் 5,587 அடி ஹம்ப் மவுண்டன், அங்க இதுதான் உச்சின்னு நெனச்சு ஏறுவீங்க, ஏறினா அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு நிக்கும். அதுக்கப்புறம் டால் ஃப்ளாட்ஸ் வழியா ஒரே எறக்கம், 19ஈ ரோடு கிட்டத்தட்ட 2,900 அடியிலதான் இருக்கு, முட்டி வலிக்கும், ட்ரெக்கிங் போல் ரெண்டும் எடுத்துட்டு போங்க. வண்டிய ரெண்டு முனையிலயும் விடுறதுக்கு பதிலா 19ஈ ரோட்டுப் பக்கம் இருக்குற ஹைக்கர் ஹாஸ்டல்ல கார விட்டுட்டு ஷட்டில்ல மேல போயிட்டா, நடந்து கீழ வரும்போது கார் பக்கத்துலயே இருக்கும். 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் இந்தப் பகுதிய ரொம்ப அடிச்சிட்டுப் போச்சு, ரோடு, பாலம், ட்ரெய்ல் எல்லாம் சேதம், அதனால கெளம்புறதுக்கு முன்னாடி எது தெறந்திருக்குன்னு அப்பலாச்சியன் ட்ரெய்ல் கன்சர்வன்சி சைட்லயும் ஃபாரஸ்ட் சர்வீஸ் சைட்லயும் பாத்துடுங்க.

இப்ப குளிர் விஷயம். இதுலதான் நம்ம ஆளுங்க ஏமாறுவாங்க, நானும் ஏமாந்தேன். ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 3ல இருந்து 5 டிகிரி ஃபாரன்ஹீட் கொறையும். ஃபோன்ல ஆஷ்வில் வெதர பாத்தா ராத்திரி 45ன்னு காட்டும், ஆஷ்வில் இருக்குறது சுமார் 2,100 அடியில, நீங்க படுக்கப் போறது அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல, அதோட மரம் இல்லாத எடத்துல காத்து வேற. நான் முதல் தடவ போனப்ப அந்த 45ஐ நம்பி காட்டன் ஹூடியும் 40 டிகிரி குளிர் வரைக்கும்தான் தாங்குற ஸ்லீப்பிங் பேகும் எடுத்துட்டு போனேன். ஏறும்போது வேர்த்து ஹூடி நனைஞ்சிடுச்சு, சாயங்காலம் காத்து ஏறுனதும் அந்த ஈரம் அப்படியே ஒடம்புல ஐஸ் வச்ச மாதிரி ஒட்டிக்கிச்சு, பல்லு கிட்டிச்சு, கூட வந்த ஃப்ரெண்டு "டேய் மச்சான், மொதல்ல அத கழட்டுடா"ன்னு அவன் உல்லன் பனியன குடுத்து, சுடுதண்ணி வச்சு ஒரு பாட்டில்ல ஊத்தி என் ஸ்லீப்பிங் பேக்குள்ள கால் பக்கம் போட்டான். அன்னிக்கு அவன் இல்லன்னா ஒடம்புச் சூடு ஆபத்தா எறங்குற ஹைப்போதெர்மியா வரைக்கும் போயிருக்கும். காலையில டென்ட் ஜிப்ப தெறந்தா அது கையோட வரல, ஈரம் உறைஞ்சு பல்லு பல்லா ஐஸ் புடிச்சிருக்கு, வெளியில ஒவ்வொரு புல்லு நுனியிலயும் உப்பு தூவின மாதிரி உறைபனி. 1780 செப்டம்பர் கடைசியில, அமெரிக்க சுதந்திரப் போர்ல, கிங்ஸ் மவுண்டன் சண்டைக்குப் போன ஆளுங்க இதே யெல்லோ மவுண்டன் கேப் வழியா தாண்டும்போது தரையில ஸ்நோ கெடந்துச்சாம். செப்டம்பர்லயே அப்படின்னா அக்டோபர எப்படி நம்புறது சொல்லுங்க.

அதனால நேஷனல் வெதர் சர்வீஸ் சைட்டுக்குப் போங்க, ஊர் பேர் போட்டுட்டு நிறுத்தாம மேப்ல நீங்க படுக்கப் போற எடத்தையே கிளிக் பண்ணுங்க, அந்த உயரத்துக்கான வெதரே வரும், பக்கத்துலயே அடியும் போட்டிருப்பான். 20 டிகிரிக்கு ரேட் பண்ண ஸ்லீப்பிங் பேக், அடியில நல்ல ஸ்லீப்பிங் பேட், குளிர் பாதி தரையில இருந்துதான் வரும். வாங்கணும்னு இல்ல, நெறைய அவுட்டோர் கடைங்கள்ல வாடகைக்கே கெடைக்கும். காட்டன் ஒண்ணு கூட வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். தூங்குறதுக்குன்னு ஒரு செட் துணியும் சாக்ஸும் தனியா கவர்ல கட்டி வைங்க, எவ்வளவு குளிர்னாலும் பகல்ல அத தொடாதீங்க, ராத்திரி காஞ்ச துணி இருந்தாலே பாதி பிரச்சினை தீந்துச்சு. உள்ள மெல்லிசான நாரு இருக்குற ஹாலோ ஃபைபர் தண்ணி ஃபில்டர் இருந்தா ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குள்ளயே வச்சுக்கோங்க, உள்ள உறைஞ்சா அந்த நாரு வெடிச்சிடும், வெளியில பாத்தா தெரியாது, தண்ணி வடிகட்டின மாதிரியே வரும் ஆனா வடிகட்டியிருக்காது. கேஸ் கேனும் கூடவே உள்ள. பாட்டில தலகீழா வச்சா மேல்பக்கம்தான் மொதல்ல உறையும், காலையில மூடி தெறந்து ஊத்த முடியும்.

தண்ணி இன்னொரு விஷயம். இங்க அக்டோபர்தான் பொதுவா மழை கொறைஞ்ச மாசம், மலை முகட்டுல ஊத்துங்க நூல் மாதிரி ஆகிடும், சிலது நின்னே போயிடும். மேப்ல நீலப் புள்ளி இருக்குன்னு நம்பிடாம ஃபார்அவுட் ஆப்ல போன வாரம் போனவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க, கார்வர்ஸ் கேப்ல இருந்தே ஆளுக்கு ரெண்டு லிட்டர் தூக்கிக்கோங்க. இலை உதுந்து காஞ்சு கெடக்குறப்ப நெருப்பும் சட்டுனு புடிக்கும், நெருப்பு மூட்டத் தடை போட்டிருந்தா கேஸ் அடுப்பு மட்டும் போதும்.

பகல் சின்னது. அக்டோபர் பாதியில ஏழு மணிக்குள்ள சூரியன் போயிடும், நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்த மாத்துனதும் அஞ்சரைக்கே சூரியன் எறங்கிடும். பையோட மணிக்கு ஒன்றரை மைல்னு கணக்கு போடுங்க, அதுக்கு மேல போட்டா ஃபோட்டோ எடுக்க நிக்குறதுலயே கணக்கு ஒதைக்கும். நாலரைக்குள்ள டென்ட் போட்டுடணும்னு வச்சுக்கிட்டு அங்கிருந்து பின்னோக்கி கணக்கு போட்டு எத்தன மணிக்கு வீட்டுல கெளம்பணும்னு பாருங்க. டென்ட்ட பால்டு உச்சியில போடாதீங்க, வ்யூ நல்லா இருக்கும் ஆனா காத்துல கம்பி வளையும். கொஞ்சம் எறங்கி மரத்துக்கு நடுவுல போடுங்க, போடுறதுக்கு முன்னாடி தல தூக்கி மேல பட்ட மரமோ தொங்குற கெளையோ இருக்கான்னு பாருங்க, பூச்சி புடிச்சு செத்த ஹெம்லாக் மரங்க இங்க நெறைய.

சாப்பாட்டுக்கு நம்ம ரவைய விட்டா வேற வேண்டாம். வீட்டுலயே ரவைய நல்லா வறுத்து, கடுகு, உளுந்து, முந்திரி, கறிவேப்பில தாளிச்சு, உப்பு போட்டு ஆற வச்சு ஆளுக்கு ஒரு ஜிப்லாக். அங்க தண்ணி கொதிக்க வச்சு போட்டு கெளறி மூடி அஞ்சு நிமிஷம், உப்புமா ரெடி. புளிக்காய்ச்சல் மட்டும் ரெண்டு கவர்ல போடுங்க, நல்லெண்ண கசிஞ்சு பேக்பேக்ல ஊறிட்டா எவ்வளவு தொவச்சாலும் வாசன போகாது, கரடிக்கு அது விருந்து அழைப்பு. இங்க இருக்குறது கருங்கரடி, மனுஷன பாத்தா பெரும்பாலும் ஓடிடும், ஆனா குளிர்காலத்துக்கு முன்னாடி ஒடம்ப ஏத்தணும்னு நாள் பூரா தின்னுட்டே இருக்குற நேரம் இது. அதனால ரூல் இருக்கோ இல்லையோ கேனிஸ்டர் எடுத்துட்டு போங்க, அதுல சாப்பாட்டோட பேஸ்ட், தைலம், லிப் பாம், குப்பை எல்லாம் போட்டு டென்ட்ல இருந்து நல்லா தள்ளி வைங்க, சமைக்கிறதும் டென்ட்டுக்குப் பக்கத்துல வேண்டாம். மனுஷன் சாப்பாட்டு ருசி கண்ட கரடிய கடைசியில கொன்னுடுறாங்க, நம்ம சோம்பேறித்தனத்துக்கு அது சாகக் கூடாது.

நேஷனல் ஃபாரஸ்ட்ல இது வேட்டை சீசனும் கூட, பளிச்சுனு ஆரஞ்சு கலர் தொப்பியோ வெஸ்ட்டோ போட்டுக்கோங்க, பைக்கும் ஒண்ணு கட்டுங்க. வீட்டுல ஒருத்தர்கிட்ட எங்க ஆரம்பிக்கிறோம், எங்க படுக்குறோம், எத்தன மணிக்கு கீழ வந்து ஃபோன் பண்ணுவோம், அந்த நேரத்துல இருந்து எவ்வளவு நேரம் பாத்துட்டு 911 கூப்பிடணும்னு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டு போங்க, மேல பாதி எடத்துல சிக்னல் கெடையாது.

ரெண்டாவது நாள் மட்டும் அலாரம் வச்சு இருட்டோட எழுந்து ஹெட்லேம்ப் போட்டுட்டு லிட்டில் ஹம்ப் ஏறுங்க. குளிர்ந்த காத்து பள்ளத்துல தங்கி, கீழ பூரா மேகம் அடைச்சு நிக்குற காலையா அமைஞ்சிதுன்னா மலைத் தல மட்டும் தீவு மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கும், வெயில் அது மேல பட ஆரம்பிக்கும்போது உறைபனி புல்லுல இருந்து சொட்டு சொட்டா உருகுற சத்தம் கூட கேக்கும். அங்கயே ஒக்காந்து காபி போடுங்க. கீழ எறங்க மதியம் வரைக்கும் நேரம் இருக்கு, கார்ல ஒரு ஜோடி காஞ்ச செருப்பும் ஒரு பாட்டில் தண்ணியும் முன்னாடியே வச்சிட்டு வந்துடுங்க.