ரசீதில் தமிழுக்குப் பதில் கேள்விக்குறி: என் அனுபவம்

எங்கள் மளிகைக் கடைக்குச் செல்போன் பில்லிங் செயலியும் 58 மி.மீ. அகலத் தாளில் ரசீது அச்சிடும் தெர்மல் பிரிண்டரும் வாங்கினோம். திரையில் ‘துவரம் பருப்பு’ ஒழுங்காகத் தெரியும். ரசீதில் அந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். எடையும் விலையும் மட்டும் சரியாக வரும்.

செயலியை நீக்கி மறுபடி நிறுவினேன். போனில் வேறு தமிழ் எழுத்துரு போட்டேன். பல நாள் வீணானதுதான் மிச்சம்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். அதே ரசீதை பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தமிழ் பிசகாமல் இருந்தது. அதாவது, செயலிக்குத் தமிழ் தெரிகிறது, பிரிண்டருக்குத்தான் தெரியவில்லை. செயலி அதுவரை அச்சிட்டு வந்த ‘டெக்ஸ்ட்’ முறையில் போன் எழுத்தின் வடிவத்தை அனுப்புவதில்லை, அதற்குரிய எண்ணை மட்டுமே அனுப்பும். வடிவம் பிரிண்டருக்குள்ளேயே இருக்க வேண்டும். எங்களுடையதில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் இருந்தன, தமிழ் இல்லை.

செயலியின் பிரிண்டர் அமைப்பில் ‘டெக்ஸ்ட்’ என்பதை ‘இமேஜ்’, அதாவது ரசீதையே படமாக அனுப்பும் முறை, என்று மாற்றினேன். தமிழ் வந்துவிட்டது! ஆனால் வலது ஓரத்தில் விலை வெட்டுப்பட்டது. அதே அமைப்பில் அச்சு அகலம் 576 புள்ளிகள் என்றிருந்தது. அது 80 மி.மீ. பிரிண்டருக்கான அளவு. 384 என்று மாற்றியதும் முழு ரசீதும் வந்தது.

அச்சாவது சற்று மெதுவாகிவிட்டது, பரவாயில்லை. ஆங்கிலம் படிக்காத வாடிக்கையாளர்களும் இப்போது கடையிலேயே நின்று பொருளுக்குப் பொருள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்கிறார்கள்.