ஒரே பானையில் கோடை இரவுச் சாப்பாடு: ஜெனோவா பெஸ்தோவும் குளிர்ந்த வெர்மென்டினோவும்

இந்தச் சாப்பாட்டுக்கு அடுப்பு அரை மணி நேரம் எரிந்தால் போதும். அதுவும் ஒரே பானைக்கு. மீதி வேலையெல்லாம் உரலிலும் ஃபிரிட்ஜிலும் முடிந்துவிடும். இத்தாலியின் வடமேற்குக் கடலோரப் பகுதியான லிகூரியாவின் சமையல் இது: முதலில் தக்காளி சாலட், பிறகு பெஸ்தோ (பேசில் இலையைச் சீஸ், எண்ணெயோடு அரைத்த பச்சை விழுது) புரட்டிய பாஸ்தா, கடைசியில் ஒயினில் ஊறிய பீச் பழம். கூடக் குடிக்க, அதே கரையில் விளையும் வெர்மென்டினோ என்ற வெள்ளை ஒயின். அளவுகள் நான்கு பேருக்கு.

பெஸ்தோவுக்கு: பேசில் இலை 60 கிராம் (காம்பு நீக்கியது), பூண்டு 1 பல், பைன் கொட்டை 25 கிராம், துருவிய பார்மிஜானோ சீஸ் 50 கிராம், துருவிய பெக்கொரினோ சீஸ் 20 கிராம், எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, கல் உப்பு ஒரு சிட்டிகை.

பானைக்கு: லிங்க்வினி அல்லது ட்ரெனெட்டே பாஸ்தா 340 கிராம், உருளைக்கிழங்கு 200 கிராம், பீன்ஸ் 150 கிராம், தண்ணீர் 4 லிட்டர், உப்பு 40 கிராம்.

பேசில் என்றதும் பூஜைத் துளசியைப் பறிக்காதீர்கள். அதன் கிராம்பு வாசமும் காரமும் இந்தப் பெஸ்தோவைக் கெடுத்துவிடும். உண்மையில் பேசிலும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம். சப்ஜா விதை தருகிற செடிதான். ஆனால் நம்மூர்ச் செடிகளில் பெரும்பாலும் சோம்பு வாசம் தூக்கலாக இருக்கும். லிகூரியாவின் தலைநகரான ஜெனோவாவின் பேசிலில் அது அடங்கியிருக்கும், புதினா வாசமும் இருக்காது. அங்கே பிரா என்ற புறநகரில் வளர்கிற பேசிலுக்குத் தனி மதிப்பு. வீட்டில் வளர்ப்பதானால் பூ விடும் முன்பே, இலை சின்னதாக இருக்கும்போது பறியுங்கள். முற்றிய இலை கசக்கும்.

படி 1: முதலில் ஒயின்

சாப்பிட மூன்று மணி நேரம் முன்பே பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. பாட்டிலைக் கழுத்து வரை முக்கினால் 20 நிமிடத்தில் குளிர்ந்துவிடும். வெறும் ஐஸ் போட்டால் இவ்வளவு சீக்கிரம் ஆகாது; கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், கண்ணாடியை முழுக்கத் தொடுவது தண்ணீர்தான். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து கார்க்கைத் தள்ளும், சில நேரம் பாட்டிலே விரிசல் விடும்.

படி 2: பெஸ்தோ

இலைகளைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் பரப்பிக் காயவிடுங்கள். துடைத்துத் தேய்க்க வேண்டாம். ஈரம் ஒட்டியிருந்தால் பெஸ்தோ நீர்த்துப்போகும். தேய்த்தால் இலை நசுங்கி, அரைப்பதற்கு முன்பே கறுக்கத் தொடங்கும். பேசில் கறுப்பதற்குக் காரணம் அதற்குள்ளேயே இருக்கும் ஒரு நொதி. இலை உடைந்து காற்றுப் பட்டதும் அது வேலையைத் தொடங்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். கத்தரி வாழைக்காய் நறுக்கினால் கறுப்பது போலத்தான்.

ஜெனோவாவில் பளிங்கு உரலும் மரக் குழவியும். உங்களிடம் வாயகன்ற கல்லுரல் இருந்தால் அதுவே போதும், மிளகாய் அரைத்ததாக மட்டும் இருக்கக் கூடாது. பூண்டையும் நாலைந்து உப்புக் கல்லையும் முதலில் விழுதாக்குங்கள். பிறகு இலையைக் கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். இடிக்கக் கூடாது. குழவியை உரலின் பக்கச் சுவரில் அழுத்தி வட்டமாகத் தேய்க்க வேண்டும். அங்கத்து உரலுக்கு வெளியே நான்கு காதுகள் இருக்கும். இடது கையால் காதைப் பிடித்து உரலை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே, வலது கையால் குழவியை எதிர்ப்பக்கம் சுழற்றுவார்கள். இலை கிழிந்து பளிச்சென்ற பச்சைச் சாறு கசியும்போது பைன் கொட்டையைச் சேருங்கள். அது மசிந்ததும் இரண்டு சீஸும். கடைசியில் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்குங்கள். மொத்தம் 15 நிமிடம்.

மிக்சிதான் இருக்கிறதென்றால் ஜாரை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, எண்ணெயையும் கொட்டையையும் முதலில் போட்டு, இரண்டு மூன்று நொடி விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரே மூச்சில் ஓட்டினால் பிளேடு சூடேறி, விழுது கறுத்து, கசப்பு ஏறும். பைன் கொட்டை விலை அதிகம். கடை பாட்டில்கள் பலவற்றில் அதற்குப் பதில் முந்திரிதான். நீங்களும் போடலாம், சற்று இனிப்பாகவும் கெட்டியாகவும் வரும்.

படி 3: சாலட்

லிகூரியாவின் கொன்டில்யோனே சாலட்டின் எளிய வடிவம்: நான்கு பழுத்த தக்காளி, ஒரு வெள்ளரி, பாதி குடைமிளகாய், ஒரு கைப்பிடி சின்ன ஆலிவ், உப்பில் ஊறிய ஆன்சோவி மீன் 6 துண்டு, எண்ணெய் 3 மேசைக்கரண்டி. வினிகர் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பை மிஞ்சினால் ஒயின் தண்ணீர் மாதிரி சப்பென்று ஆகிவிடும்.

படி 4: பானை

தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் உப்பு. அடுத்து 1 செ.மீ. துண்டாக நறுக்கிய உருளைக்கிழங்கு. 4 நிமிடம் கழித்து, இரண்டாக ஒடித்த பீன்ஸ். இன்னும் ஒரு நிமிடத்தில் பாஸ்தா. பாஸ்தாவின் நேரம் பாக்கெட்டில் இருக்கும், பெரும்பாலும் 9 நிமிடம். மூன்றும் ஒன்றாக வேகும். பாஸ்தாவோடு கிழங்கா என்று தயங்க வேண்டாம், சூட்சுமமே அதில்தான்: ஓரம் கரைந்த கிழங்கு பெஸ்தோவைப் பாஸ்தாவில் ஒட்ட வைக்கும். பீன்ஸ் நறுக்கென்று இருக்கக் கூடாது, குழைவாகத்தான் வேண்டும்.

வடிக்கும் முன் ஒரு கப் தண்ணீரை எடுத்து வையுங்கள். பெரிய பாத்திரத்தில் பெஸ்தோவைப் போட்டு, அந்தத் தண்ணீர் மூன்று கரண்டி விட்டு இளக்கி, வடித்த பாஸ்தாவைக் கொட்டிப் புரட்டுங்கள். அடுப்பின் பக்கமே போகக் கூடாது. புதிதாகச் செய்பவர்கள் வாணலியில் பெஸ்தோவைச் சூடாக்குவார்கள்; சீஸ் கட்டி கட்டியாகத் திரளும், எண்ணெய் பிரியும், பச்சை நிறம் காக்கியாகிவிடும். காய்ந்துபோனது போலத் தெரிந்தால் எண்ணெய் விடாதீர்கள், எடுத்து வைத்த தண்ணீரையே இன்னும் ஒரு கரண்டி விடுங்கள்.

எதற்காக வெர்மென்டினோ?

பெஸ்தோ என்பது எண்ணெய், உப்புச் சீஸ், பச்சைப் பூண்டு. வாயில் படியும் எண்ணெயை வழித்தெடுக்கப் புளிப்பு வேண்டும். வெர்மென்டினோவில் அது இருக்கிறது. மூலிகை வாசம் பேசிலோடு போகும். விழுங்கியபின் பாதாம் தோல் போல லேசாக ஒரு கசப்பு தங்கும், நல்ல ஆலிவ் எண்ணெயிலும் அதே கசப்புதான்.

மரப்பீப்பாயில் ஊறிய ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் வேண்டாம். அதன் வெனிலா, வெண்ணெய் வாசம் பச்சைப் பூண்டோடு மல்லுக்கட்டும். சிவப்பு ஒயினுக்கு ஆன்சோவி ஆகாது, துருப்பிடித்த ஆணியை நக்கியது போல ஒரு சுவையும் மீன் கவிச்சியும் வரும். ஒயினில் இருக்கும் இரும்புதான் அந்தக் கவிச்சிக்குக் காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

லேபிளில் ரிவியேரா லிகுரே தி பொனென்தே அல்லது கொல்லி தி லூனி என்று இருந்தால் அது லிகூரியா அல்லது அதன் எல்லையோரம். சார்தீனியா தீவின் வெர்மென்டினோ தி கல்லூரா வாயில் சற்றுக் கனமாக இருக்கும். பிகாத்தோ, தென் பிரான்சின் ரோல் ஆகியவையும் இதே திராட்சைதான், பெயர்தான் வேறு. எதுவும் கிடைக்காத இடத்தில் நாசிக்கின் சோவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் சமாளிக்கும். பாட்டிலில் அறுவடை ஆண்டைப் பாருங்கள்: இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் விட்டுவிடுங்கள். இந்த ஒயினின் அழகே அதன் இளமை.

பரிமாற 8 முதல் 10 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றலாம். புழுக்கமான அறையில் கிளாசை நிரப்பாதீர்கள். 80, 100 மில்லியாக ஊற்றி மீண்டும் மீண்டும் நிரப்புங்கள்; பெரிய ஊற்றல் பாதி குடிப்பதற்குள் வெதுவெதுப்பாகி, வெறும் சாராய நெடிதான் மிஞ்சும்.

படி 5: பீச்

பழுத்த நான்கு பீச்சைத் தோல் நீக்கி, துண்டு போட்டு, 200 மில்லி மொஸ்காத்தோ தாஸ்தி ஊற்றி அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பக்கத்து பியெமோந்தே பகுதியின் இனிப்பு ஒயின் அது, ஆல்கஹால் 5 சதவீதம் அளவுதான். சர்க்கரை போட வேண்டாம். கிளாசில் இருப்பது கிண்ணத்தில் இருப்பதைவிட இனிப்பாக இருந்தால்தான் ருசிக்கும். அதனால் மிச்சம் இருக்கும் வெர்மென்டினோவை இதோடு குடிக்காதீர்கள், எலுமிச்சைச் சாறு போலப் புளிக்கும். அந்த மிச்ச ஒயினை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். பெஸ்தோ மீந்தால் சின்ன பாட்டிலில் அழுத்தி நிரப்பி, மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பச்சைப் பூண்டு எண்ணெயில் கிடப்பதால் நச்சுக் கிருமி வளரலாம், வெளியே வைக்கவே கூடாது.